காற்றாலை பிளேடின் வேர்ப்பிடி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

வைகாசி பாதி கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் பணகுடி, லெவிஞ்சிபுரம், ராதாபுரம் பக்கமெல்லாம் காத்தாடி நிற்காது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றை வாங்குகிற தென்காசி, சுரண்டை பக்கமும் அப்படித்தான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஓடுகிற ஓட்டத்தில்தான் வருடத்து யூனிட்டில் பெரும்பகுதி வரும். பிளேடின் வேரில், அதாவது அது நடுக்குடமான ஹப்போடு போல்ட்டால் சேர்கிற இடத்தில், ஒளிந்திருக்கிற குறைகள் வெளியே வருவதும் அப்போதுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்பது இது: "அண்ணாச்சி, ரூட் போல்ட் ஒண்ணு ஒடிஞ்சு கெடக்கு. புதுசு போட்டுட்டு ஓட்டிரலாமா?" போட்டு ஓட்டினால் ஓடும். மூன்று நான்கு வாரத்தில் பக்கத்துப் போல்ட் ஒடியும். நான் பார்த்த வரையில் போல்ட் தன் பலவீனத்தால் ஒடிவது அரிது. முதலில் இறுக்கம் போகிறது, அப்புறம்தான் போல்ட் போகிறது. இறுக்கம் எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் புதுப் போல்ட் மாட்டக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிமுறை.

முதலில் வேரில் என்ன இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடு கண்ணாடி இழையும் ரெசினும். ஹப் வார்ப்பிரும்பு. இழையில் நேரடியாக மரை போட முடியாது, பொடிந்துவிடும். அதனால் இரண்டு வழி வந்தது. ஒன்று, வேரின் கனத்த சுவரில் குறுக்கே துளை போட்டு அதில் உருளை வடிவ நட்டை, அதாவது பேரல் நட்டை, இறக்கி, வேர் முகத்திலிருந்து ஸ்டட்டை, அதாவது தலையில்லாத நீளமான மரைக்கம்பியை, அதில் திருகுவது. இன்னொன்று, உள்மரை போட்ட இரும்புக் குழல்களை, அதாவது புஷ்களை, வேர்ச்சுவருக்குள் ரெசினோடு சேர்த்தே வைத்து வார்ப்பது, அல்லது பிறகு துளை போட்டு ஒட்டுவது. மிகப் பழைய மெஷின்களில் வேரைப் புனல் மாதிரி விரித்து இரும்பு வளையத்துக்குள் இறுக்கியிருப்பார்கள். உங்கள் மெஷினில் எது என்று தெரியாமல் மேலே ஏற வேண்டாம்.

ஹெலிகாப்டர் இறக்கையிலும் இழையையும் உலோகத்தையும் சேர்க்கிற இதே வேர்தான் கவலைக்குரிய இடம். அங்கே வேரை முக்கியமாக இழுப்பது மையவிலக்கு விசை. நமக்குப் பெரிய சுமை காற்றின் தள்ளலும் பிளேடின் சொந்த எடையும். ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரு பக்கம் கிடையாக வரும்போது அதன் எடை வேரை ஒரு திசையில் வளைக்கும், மறுபக்கம் வரும்போது எதிர்த் திசையில் வளைக்கும். நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றுகிற சிறிய மெஷின் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 57,600 தடவை. நான்கு மாத சீசனில் 69 லட்சம் தடவை. 10.9 என்று பலத்தின் தரத்தைத் தலையில் குத்திய போல்ட் ஒரே இழுப்பில் 1,000 மெகாபாஸ்கல் தாங்கும். ஆனால் இப்படி ஏறி இறங்குகிற சுமையில், எம் 30, அதாவது 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள, போல்ட்டின் மரைக்குத் தாங்கும் எல்லை கூடவும் குறையவும் 40 மெகாபாஸ்கல் அளவில்தான். நல்ல இறுக்கத்தில் இருக்கிற போல்ட்டுக்கு ஏறி இறங்கும் சுமையில் சின்னப் பங்கு மட்டுமே வந்து சேரும். மீதியை அழுந்திக் கிடக்கிற இரண்டு முகங்களே வாங்கிக்கொள்ளும். இறுக்கம் போனால் முழுதும் போல்ட்டின் தலையில் விழும்.

ஹப்புக்குள் போகும் முன், பிளேடுகள் சுற்றாமல் பூட்டுகிற ரோட்டர் லாக் பின் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காற்று வேக வரம்பு உங்கள் மெஷின் மேனுவலில் இருக்கும். சீசனில் அந்த வரம்புக்குக் கீழே காற்று வருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான், அதற்காகக் காத்திருங்கள். கீழே நான் சொல்கிற எண்கள் விஷயம் புரிவதற்கு. ரெஞ்சில் வைக்க வேண்டிய எண் மேனுவலில் உள்ளது மட்டுமே.

அறிகுறி: நட்டில் போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறது, அல்லது ரெஞ்ச் வைத்தால் நட் திரும்புகிறது

புதிதாக மாட்டிய பிளேடு என்றால் முதல் சோதனையில் கொஞ்சம் திரும்புவது இயல்பு. முகங்கள் ஒன்றோடொன்று பதிந்து உட்காரும். அதற்காகத்தான் பல மேனுவல்களில் 500 மணி நேரம் ஓடியபின் மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். அந்த மறு இறுக்கம் நடந்ததா என்று பதிவேட்டில் முதலில் பாருங்கள். நடக்கவே இல்லை என்றால் காரணம் கிடைத்தது.

வளையம் முழுக்க எல்லா நட்டும் ஒரேபோல் திரும்பினால் இறுக்கிய விதத்தில் தவறு. பெரும்பாலும் மரையில் தடவுகிற பேஸ்ட்தான் காரணம். ஒரு எம் 30 போல்ட்டில் 35 டன் இழுவிசை வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாலிப்டினம் பேஸ்ட் தடவிய மரைக்கு 1,250 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதே 1,250ஐக் காய்ந்த மரையில் கொடுத்தால் கிடைப்பது 21 டன் சொச்சம். ரெஞ்ச் "டக்" என்று சொல்லிவிடும், பதிவேட்டில் டிக் விழும், போல்ட்டில் 14 டன் குறைவாக இருக்கும். மாற்றிச் செய்தாலும் ஆபத்துதான். காய்ந்த மரைக்குச் சொன்ன 2,100ஐப் பேஸ்ட் தடவிய மரையில் கொடுத்தால் போல்ட் தன் எல்லையைத் தாண்டி நீண்டு, திரும்பச் சுருங்காது. அதைக் கழற்றித் திரும்ப மாட்டவே கூடாது.

நம் பக்கம் இதோடு இன்னொன்று சேரும். தேரி மணல். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் பேஸ்ட்டில் ஒட்டினால் அரைக்கிற கல் மாதிரி ஆகிவிடும். போல்ட்டுகளைத் திறந்த டப்பாவில் ஜீப்பின் பின்னால் போட்டு எடுத்து வராதீர்கள். பேஸ்ட்டை மேலே போய், மாட்டுவதற்கு முன் தடவுங்கள்.

வரிசையாக மூன்று நான்கு நட் மட்டும் தளர்ந்திருக்கிறது, மற்றவை பிடித்து நிற்கின்றன என்றால், முறுக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த இடத்தில் முகத்துக்கு முகம் பொருந்தவில்லை. துரு வழிகிற அறிகுறியைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அறிகுறி: போல்ட் ஒடிந்திருக்கிறது

இதில்தான் நிதானம் வேண்டும். ஒடிந்த துண்டைத் துடைக்காமல், மணல்தாளால் தேய்க்காமல் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

ஒடிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, பிறை பிறையாக மெல்லிய கோடுகளோடு இருக்கும். மீதி சொரசொரப்பாக, கருப்பட்டியை உடைத்தால் தெரிகிற பொரிப்போடு மின்னும். வழவழப்பு, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த பகுதி. பொரி பொரியாக இருப்பது, மிச்சமிருந்த இரும்பு கடைசியில் ஒரே அடியில் போன பகுதி. வழவழப்பு முக்கால்வாசி இருந்தால், சுமை சாதாரணமாகத்தான் இருந்திருக்கிறது, இறுக்கம் போய்ப் பல நாள் ஓடியிருக்கிறது. கடைசி முறிவுப் பகுதி பெரிதாக, பிறை சின்னதாக இருந்தால் சுமையே அதிகம். பிறை எந்த விளிம்பில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். ஒரே பக்கத்தில் தொடங்கியிருந்தால் போல்ட் வளைந்து வேலை செய்திருக்கிறது, அதாவது நட் உட்கார்ந்த முகமோ பேரல் நட்டோ சாய்ந்திருக்கிறது. வழவழப்பில் பழுப்பேறியிருந்தால் விரிசல் பழையது, தண்ணீரும் போயிருக்கிறது.

பிறையே இல்லை, கழுத்து மெலியவும் இல்லை, மாட்டி ஒன்றிரண்டு நாளில் மெஷின் ஓடாமலே போல்ட் பட்டென்று போய்விட்டது என்றால் அது வேறு நோய். இவ்வளவு கடினமான போல்ட்டை அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை உடையும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தப் பெட்டியிலிருந்து வந்த எல்லாப் போல்ட்டையும் ஒதுக்கிவிடுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் கிடைக்கிற 10.9 போல்ட்டை அவசரத்துக்கு வாங்கி மாட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சான்றிதழோடு வந்த போல்ட் மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு 250 கிலோவாட் மெஷின். ஆடி மாதம். காவலுக்கு இருந்த பெரியவர் போன் செய்தார்: "தம்பி, டவருக்கு அடியில ஒரு இரும்புத் துண்டு கெடக்கு. கட்டை விரல் தண்டி இருக்கு." போய்ப் பார்த்தால் வேர் போல்ட்டின் தலை. மூன்று வாரம் முன்புதான் ஒரு குழு அதே பிளேடில் ஒரு போல்ட்டை மாற்றியிருந்தது. இப்போது போனது அதற்கு அடுத்தது. முகத்தில் வழவழப்பு முக்கால் பங்கு, பிறை உட்பக்க விளிம்பில் தொடங்கியிருந்தது. இருபுறமும் மூன்று மூன்று போல்ட்டுகளைச் சேர்த்து மாற்றிவிட்டு, ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சீசனில் நிறுத்தச் சொன்னால் உரிமையாளருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நிறுத்தினார், அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. புரட்டாசியில் காற்று அடங்கியபின் கிரேன் வைத்துப் பிளேடை இறக்கினோம். ஹப் முகத்தில் ஒரு முழ நீளத்துக்கு நீலப் பெயின்ட், அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. முந்தைய முறை பிளேடை இறக்கியபோது துரு வராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் யாரோ தடவியிருந்தார்கள்.

கொஞ்சம் பெயின்ட்டுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். முழு இறுக்கத்தில் ஒரு போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போட்டால் புரியும். இழுபடுகிற நீளம் 100 மில்லிமீட்டர் என்றால் அது நீள்வது 0.3 மில்லிமீட்டர்தான். பெயின்ட் நொறுங்கி 0.1 போனால் இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பேரல் நட் வகையில் ஸ்டட் அரை மீட்டர் நீளம் இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே 0.1 அங்கே பதினைந்தில் ஒரு பங்குதான். நீள ஸ்டட் மன்னிக்கும், குட்டைப் போல்ட் மன்னிக்காது. ஆகவே சேர்கிற முகங்களில் பெயின்ட் கூடாது. மேனுவல் என்ன பூச்சு சொல்கிறதோ அதை மட்டும், சொன்ன கனத்தில் பூசுங்கள்.

ஒன்று ஒடிந்தால் குறைந்தது இரண்டு பக்கத்துப் போல்ட்டையும் மாற்றுங்கள். உடைந்தவன் விட்ட சுமையை அவர்கள்தான் சுமந்திருப்பார்கள், வெளியே தெரியாத விரிசல் அவர்களிடம் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு ஒடிந்திருந்தால் மெஷினை நிறுத்துங்கள். அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

அறிகுறி: வேருக்கும் ஹப்புக்கும் நடுவிலிருந்து செம்பழுப்பு அல்லது கருப்பு வழிசல்

கிரீஸ் கசிந்தால் வழிசல் பிசுபிசுப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நைசாக மாவு மாதிரி அரைபட்டால் அது இரும்புப் பொடி. இரண்டு முகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கின்றன. வழிசல் தொடங்கும் இடத்தில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் இடைவெளி உறுதி. பிளேடைச் சுற்றி எட்டு இடத்தில் பார்த்து, எங்கே எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு வட்டம் வரைந்து குறியுங்கள். அந்த வட்டம்தான் பட்டறைக்குப் போக வேண்டிய தகவல். வேர் முகத்தைச் சமன் செய்வது மெஷின் வைத்துச் சீவுகிற வேலை. மேலே நின்று அரம் வைத்து ராவினால் பள்ளம்தான் ஆகும். இடைவெளியை இறுக்கி மூடலாம் என்று கூடுதல் முறுக்கு கொடுப்பதும் தவறு. போல்ட்டின் பலம் முகத்தை வளைப்பதிலேயே செலவாகிவிடும்.

அறிகுறி: பேரல் நட் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி

கண்ணாடி இழை அரைபடுகிறது. நட் துளைக்குள் ஆடுகிறது என்று அர்த்தம். மாட்டும்போது நட்டின் மரையும் ஸ்டட்டும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் இது வரும். ஸ்டட்டைக் கையால் கடைசி வரை திருக முடிய வேண்டும். பாதியில் இறுகினால் அப்போதே நிறுத்தி நட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பொடியைத் துடைத்து, துளை விளிம்பைப் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அடுத்த மாதம் பொடி திரும்ப வந்திருந்தால் பிளேடு இறங்கியாக வேண்டும்.

அறிகுறி: சுற்றும்போது "டக், டக்" சத்தம்

மெதுவாகச் சுற்றும்போது மட்டும் சத்தம், வேகம் எடுத்ததும் காணோம் என்றால் பயப்பட வேண்டாம். பிளேடுக்குள் உதிர்ந்த பசைத் துண்டு ஒன்று மேலும் கீழும் உருள்கிறது. வேகம் வந்ததும் மையவிலக்கு விசை அதை நுனியில் ஒட்டவைத்துவிடும், சத்தம் நிற்கும். அடுத்த பராமரிப்பில் அதை எடுத்துவிடுங்கள். ஆனால் எந்த ஒட்டிலிருந்து உதிர்ந்தது என்று கட்டாயம் தேடுங்கள்.

காற்றும் உற்பத்தியும் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரே நிலைக்கு வரும்போது கேட்கிறது என்றால் வேர்ப்பிடி அல்லது பிளேடின் கோணத்தைத் திருப்ப உதவுகிற பிட்ச் பேரிங். அன்றைக்கே நிறுத்தி ஏறிப் பாருங்கள்.

அறிகுறி: போல்ட்டைக் கழற்றினால் புஷ்ஷும் சேர்ந்து சுற்றுகிறது, அல்லது புஷ்ஷைச் சுற்றி மயிரிழை வளையம் தெரிகிறது

இதுதான் வேரில் வரக்கூடிய பெரிய நோய். இரும்புக்கும் இழைக்கும் நடுவில் ஒட்டு விட்டுப் போயிருக்கிறது. காருகுறிச்சிப் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, சின்னச் சுத்தியலால் புஷ்ஷைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஒட்டு "டிங்" என்று தெளிவாகச் சொல்லும், விட்ட இடம் "டொப்" என்று அடைத்துப் பேசும். ஹெலிகாப்டர் இறக்கையில் ஒட்டிய தகடுகளையும் இப்படித் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. எளிய சோதனை, நம்பகமானது. ஆனால் கனத்த வேர்ச்சுவரின் ஆழத்தில் இருப்பதைச் சுத்தியல் சொல்லாது, அதற்கு அல்ட்ராசோனிக் என்கிற ஒலியலைச் சோதனை வேண்டும். சந்தேகம் ஒன்றில் வந்தால் எல்லாப் புஷ்ஷையும் பாருங்கள்.

மேலே வைத்து ஊசியால் ரெசின் செலுத்தி ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விட்ட இடத்தில் கிரீஸும் துருவும் புகுந்திருக்கும், எந்த ரெசினும் பிடிக்காது. பிளேடை இறக்கி, புஷ்ஷைத் துளைத்து எடுத்து, வேர் வடிவமைப்பு தெரிந்த பொறியாளர் கொடுத்த வரைபடத்தின்படி புதியதை வைக்க வேண்டும்.

பட்டறையில் அதைச் செய்யும்போது முக்கால்வாசித் தவறு சுத்தத்தில்தான். புதுப் புஷ்ஷை மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, கரைப்பானால் துடைத்தபின், வெறும் கையால் தொடக்கூடாது. சுத்தமா என்று தெரிய, நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். படலமாகப் படர்ந்து நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, திரும்பத் துடையுங்கள். அப்புறம் நன்றாக உலர்த்தி, அதே ஷிப்டில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலைக்கு வைத்தால் துரு முந்திக்கொள்ளும். ஒட்டும்போது புஷ் துளையின் நடுவில் நிற்கவேண்டும். பசையைக் கீழிருந்து செலுத்தி மேலே காற்று வெளியேற வழி விடுங்கள், மேலே குமிழி இல்லாமல் பசை வழியும் வரை.

அறிகுறி: ஒட்டிய பசை மறுநாளும் நகம் பதிகிறது, அல்லது டப்பாவிலேயே புகைந்து கல்லாகிறது

கடற்கரைப் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்து பழகிய பையன்கள் நல்ல கைவேலைக்காரர்கள். ஆனால் அவர்கள் பழகியது பாலியெஸ்டர் ரெசின். அதில் வேகமாக இறுக வேண்டுமென்றால் வினையூக்கியைக் கொஞ்சம் கூட்டலாம். எபாக்ஸியில் அது நடக்காது. ரெசின் 100க்கு அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் 30 என்று எடையில் சொல்லியிருந்தால் 30தான். கூடுதலாக ஊற்றிய ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் உள்ளேயே தங்கிப் பசையை மெத்தென்று ஆக்கிவிடும். தராசு வைத்து நிறுத்துப் போடுங்கள். டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள்.

புகைவது சூட்டால். 10 டிகிரி ஏறினால், கலக்கிய பசை இறுகுமுன் கிடைக்கிற வேலை நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் என்றால் 35 டிகிரியில் 20 நிமிடம்தான். சித்திரை மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் பெரிய டப்பாவில் கலக்கினால் அது தன் சூட்டிலேயே வெந்துவிடும். விடியற்காலையில், அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். தென்காசிப் பக்கம் சாரல் நாளில் வேறு தொல்லை. இறுகிய பசையின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூத்திருக்கும். வெந்நீரால் கழுவி, உலர்த்தி, உரசிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. இறுகியபின் மேனுவல் சொன்ன சூட்டில் வெப்பப் போர்வை போட்டு முதிரவிட்டு, கடினத்தை அளந்து எழுதுங்கள்.

அறிகுறி: வேர் மூடித் தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

பிளேடு நுனியில் இருக்கிற வடிகால் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே நுழைந்தது என்று மேல் விளிம்பின் ஒட்டையும் இடிதாங்கி முனையையும் பாருங்கள்.

அறிகுறி: பிளேடைத் திரும்ப மாட்டியபின் மெஷின் ஆடுகிறது

காற்று குறைவாக இருந்து சுற்றும்போதே சுற்றுக்கு ஒரு தடவை ஆட்டம் வந்தால் எடை வித்தியாசம். புதிய புஷ், பசை, கூடுதல் இழை எல்லாம் எடைதான். மாட்டுமுன் மூன்று பிளேடையும் நிறுத்து, ஈர்ப்பு மையத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். காற்று கூடக் கூட ஆட்டம் கூடினால் கோண வித்தியாசம். வேரில் இருக்கிற பூஜ்ஜியக் குறியும் ஹப்பின் குறியும் ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்தக் குறி மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சுரண்டி எடுத்து, புதிதாகப் பொறித்து, படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள்.